பசிக்கு ஒரு மணி நேரத் தவணை

மதங்கள் குழந்தைகளுக்கு எதையெல்லாம் ஊட்டுகின்றன என்பதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கதைகள், பாடல்கள், பண்டிகைப் பலகாரங்கள், பயங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். எதை ஊட்டாமல் நிறுத்தி வைக்கின்றன என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. பெரும்பாலான மதங்களில் நோன்பு உண்டு. நோன்பிருக்கும் வீட்டில் குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைக்குப் பசியை எந்த வயதில், எந்த அளவில், யார் கற்றுக்கொடுப்பது? இக்கேள்விக்கு நான் வாசித்தவற்றுள் மிக நுணுக்கமான விடையைத் தந்திருப்பது யூத மதச் சட்டம். மேலோட்டமாகப் பார்த்தால் அது குழந்தைகளுக்கான விதிபோலத் தோன்றும். நிதானமாக வாசித்தால், அதன் பெரும்பகுதி பெற்றோரைக் கட்டிப்போடுவதற்காக எழுதப்பட்டது என்பது புலப்படும். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

முதலில் அந்த நாளைப் பற்றிச் சில வார்த்தைகள். யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள் யோம் கிப்பூர், அதாவது பாவநிவிர்த்தி நாள். நம் கணக்கில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். முதல் நாள் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி, மறுநாள் இரவு கவியும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம் நோன்பு. தண்ணீரும் கிடையாது. அன்று ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்த வேண்டும் என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. அத்தாழ்மையை ஐந்து விலக்குகளாக ரபிகள் வகுத்தார்கள்: உண்பதும் பருகுவதும், குளிப்பது, எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு அணிவது, தாம்பத்திய உறவு. கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரயேல் யூதர்கள் மராத்தியில் இந்த நாளைக் கதவடைக்கும் திருநாள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். உலகத்தின் மீது கதவைச் சாத்திவிட்டு மனிதன் தன் கணக்கைப் பார்க்கும் நாள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

பெண்பிள்ளைக்கு 12 வயது, ஆண்பிள்ளைக்கு 13 வயது நிறைந்ததும் கட்டளைகள் முழுமையாகப் பொருந்தும் என்பது யூதச் சட்டம். இங்கேதான் சிக்கல். நேற்றுவரை வேளை தவறாமல் உண்ட சிறுவன், ஒரு பிறந்த நாளைக் கடந்துவிட்ட ஒரே காரணத்தால், 25 மணி நேரம் சொட்டு நீரும் இல்லாமல் இருக்க வேண்டும். சட்டம் ஒரு கோட்டைக் கிழிக்கிறது. உடம்பு கோடுகளை அறியாது. இரண்டுக்கும் இடையில் பாலம் ஒன்று தேவைப்படுகிறது. அந்தப் பாலத்துக்கு எபிரேயத்தில் ஹினூக் என்று பெயர். கல்வி, பயிற்சி என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் ஹனுக்கா என்ற பண்டிகைப் பெயரும் அதே வேரிலிருந்து வருவதுதான். புதிய வீட்டில் குடிபுகும் சடங்குக்கும் எபிரேயத்தில் இதே சொல்தான். புழங்கத் தொடங்குதல், குடியேற்றுதல் என்ற பொருள்கள் அதற்குள் இருக்கின்றன. பயிற்சி என்பது குழந்தையை ஒரு கட்டளைக்குள் மெல்லக் குடிவைப்பது. புதுமனை புகுவிழாவன்றே வீட்டின் எல்லா அறைகளையும் நாம் நிரப்பிவிடுவதில்லை.

கி.பி. 200ஐ ஒட்டி ரபி யெஹூதா ஹநாசி தொகுத்ததாகக் கருதப்படும் மிஷ்னாவில், இந்த நாளுக்கென்றே யோமா என்றொரு பகுதி இருக்கிறது. அதன் எட்டாம் அத்தியாயத்தில் குழந்தைகளைப் பற்றிய விதி வருகிறது. விதியின் வரிசையை நாம் கவனிக்க வேண்டும். குழந்தைகளை நோன்பால் வருத்தக்கூடாது என்பது முதலில் வருகிறது. உரிய வயதுக்கு ஓராண்டோ ஈராண்டோ முன்பாக அவர்களைப் பழக்கலாம் என்பது பிறகுதான் வருகிறது. விலக்கு முன்னால், பயிற்சி பின்னால். ஓராண்டா, ஈராண்டா என்ற குழப்பத்துக்குத் தல்மூதில் ராவ் ஹிஸ்தா தரும் விளக்கம் எளிமையானது: ஒன்று நலிந்த குழந்தைக்கு, மற்றது திடமான குழந்தைக்கு. ஆக, வயதை மட்டும் பார்த்துப் பயனில்லை. எதிரில் நிற்கும் குழந்தையின் உடம்பையும் பார்த்தாக வேண்டும் என்பது விதி எழுதப்பட்ட போதே அதற்குள் வந்துவிட்டது.

வயதுக் கணக்கில் தல்மூதின் ஆசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. பாபிலோனியரான ராவ் ஹூனா, எட்டு, ஒன்பது வயதில் மணிக்கணக்கில் பழக்க வேண்டும், பத்து, பதினொன்றில் ரபிகளின் விதிப்படி நோன்பை முழுமையாக்க வேண்டும், பன்னிரண்டில் வேதக் கட்டளையே பொருந்தும் என்கிறார். இது பெண்பிள்ளைக்கான கணக்கு. ராவ் நஹ்மான் ஆண்பிள்ளையின் கணக்கைச் சொல்லும்போது எல்லாவற்றையும் ஓராண்டு தள்ளி வைக்கிறார். திபேரியாவின் ரபி யோஹனான் இவ்விருவரிடமிருந்தும் விலகி நிற்கிறார். சிறுவர்கள் முழு நோன்பிருக்க வேண்டும் என்று ரபிகள் விதித்ததே இல்லை என்பது அவர் நிலைப்பாடு. உரிய வயது வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மணிக்கணக்கில் பழக்கினால் போதும்; வயது வந்த பிறகுதான் முழு நோன்பு.

மணிக்கணக்கில் பழக்குவது என்றால் என்ன என்ற கேள்வியையும் தல்மூத் விட்டுவைக்கவில்லை. வழக்கமாகப் பகலின் இரண்டாம் மணியில் உண்ணும் குழந்தைக்கு அன்று மூன்றாம் மணியில் கொடு. மூன்றாம் மணியில் உண்ணும் குழந்தைக்கு நான்காம் மணியில் கொடு. இவ்வளவுதான். அக்காலத்தில் பகலைப் பன்னிரண்டாகப் பங்கிட்டார்கள். யோம் கிப்பூர் இரவும் பகலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் பருவத்தில் வருவதால், அந்த ஒரு மணியும் நம் கடிகாரத்தின் ஒரு மணியும் பெரிதாக வேறுபடாது. காலை எட்டு மணிக்குச் சாப்பிடும் குழந்தைக்கு ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும். மரபின் மிகப் புனிதமான நாளில், பெரியவர்கள் தொழுது அழுது நிற்கும் நாளில், குழந்தையிடம் கேட்கப்படுவது ஒரு மணி நேரம். பிறகு அதன் பலத்துக்கு ஏற்ப மெல்லக் கூட்டலாம்.

இந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை எதைக் கற்கிறது? பசியைத் தாங்குவதை என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு மணிப் பசியும் ஒன்பது மணிப் பசியும் உடம்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் உடையவை அல்ல. குழந்தை கற்பது வேறு இரண்டு விஷயங்களை. வேண்டும் என்று தோன்றுவதற்கும் வாயில் போட்டுக்கொள்வதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்க முடியும் என்பது முதலாவது. அந்த இடைவெளியின் முடிவில் உணவு கட்டாயம் வரும் என்பது இரண்டாவது. இரண்டாவது இல்லாமல் முதலாவது கொடுமை மட்டுமே. பயிற்சி வெற்றி பெற்றதற்கு அடையாளம் குழந்தை உண்ணாமல் இருந்தது அன்று, காத்திருந்து உண்டது. சோறு வராத ஒரு மணி நேரத்தைப் பயிற்சி என்று அந்த நூல் எங்கும் அழைக்கவில்லை.

பெற்றோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்குச் சான்றாக இருப்பவர் ஷம்மாய். ஏசுவின் காலத்துக்குச் சற்று முந்தையவர். விதிகளில் கடுமைக்குப் பேர்போனவர். தோசெஃப்தா என்ற பழந்தொகுப்பின்படி, அந்த நாளில் அவர் தம் மகனுக்கு உணவூட்ட மறுத்தார். அறிஞர்கள் கூடி, அவர் தம் கையாலேயே மகனுக்கு ஊட்ட வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பாபிலோனியத் தல்மூதில் இதே செய்தி கை கழுவுவதைப் பற்றிய விவாதத்தில் வருகிறது. அன்று குளிப்பதும் கழுவுவதும் விலக்கு என்றாலும், குழந்தைக்கு ரொட்டி கொடுப்பதற்காகத் தாய் ஒரு கையைக் கழுவிக்கொள்ளலாம் என்பது விதி. ஷம்மாய் ஒரு கையாலும் ஊட்ட விரும்பவில்லை. இரு கைகளாலும் ஊட்டும்படி அவருக்கு விதிக்கப்பட்டது. எந்த வடிவத்தை எடுத்துக்கொண்டாலும் பொருள் ஒன்றுதான். தகப்பனின் பக்தி குழந்தையின் வயிற்றை எட்டும் இடத்தில் சமூகம் குறுக்கே புகுந்திருக்கிறது.

இதே ஷம்மாயைப் பற்றி மிஷ்னாவில் இன்னொரு செய்தியும் உண்டு. கூடாரப் பண்டிகையின்போது அவருடைய மருமகள் குழந்தை பெற்றாள். யூதர்கள் அந்த ஏழு நாட்களும் தழை வேய்ந்த பந்தலின் கீழ் தங்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு அக்கட்டளை பொருந்தாது. ஆனால் ஷம்மாய் கட்டிலுக்கு மேலிருந்த கூரைப் பூச்சைப் பெயர்த்துவிட்டு, குழந்தைக்காக அங்கே தழை வேய்ந்தார். இந்தச் செய்தியை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, சற்றுப் பயமும் வருகிறது. கூரையைப் பெயர்ப்பது பேரனிடம் காட்டும் ஆசையாகவும் இருக்கலாம். தான் நேசிக்கும் ஒன்றுக்குள் தன் குழந்தையும் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாப் பெற்றோரிடமும் உண்டு. சங்கீதத்தில், சதுரங்கத்தில், நுழைவுத் தேர்வுகளில் அதை நாம் பார்க்கிறோம். கூரையைப் பெயர்க்கும் அவசரத்தை மரபு கண்டும் காணாமல் விட்டது. உணவை நிறுத்தும் அவசரத்தை அது அனுமதிக்கவில்லை.

யோமாவில் இன்னோர் இடம் என்னை மிகவும் கவர்ந்தது. மற்ற விலக்குகளில் குழந்தைகளின் நிலை என்ன என்ற விவாதம் அது. குளிப்பதும் எண்ணெய் பூசுவதும் அவர்களுக்கு அன்றும் உண்டு. தோல் செருப்பு மட்டும் கூடாது. ஏன் இந்த வேறுபாடு? குளியலும் எண்ணெயும் குழந்தையின் வளர்ச்சிக்குத் தேவையானவை, செருப்பு அப்படியன்று. இங்கே அபாயே என்ற அறிஞர் தம் வளர்ப்புத் தாயின் சொல்லைச் சான்றாகக் கொண்டுவருகிறார். பெற்றோரை இழந்த அவர், தம்மை வளர்த்தவளை அம்மா என்றே குறிப்பிடுவார். குழந்தை வளர வெந்நீரும் எண்ணெயும் வேண்டும், சற்று வளர்ந்ததும் முட்டை வேண்டும், இன்னும் வளர்ந்ததும் போட்டு உடைக்கப் பாத்திரங்கள் வேண்டும் என்பது அவள் கணக்கு. ரப்பா என்ற அறிஞர் பழுதான மண்பாண்டங்களை விலைக்கு வாங்கித் தம் குழந்தைகளுக்கு உடைப்பதற்காகக் கொடுப்பாராம். பாவநிவிர்த்தி நாளின் சட்டத்துக்கு நடுவே, ஒரு செவிலித் தாயின் அனுபவ அறிவும் குழந்தைகள் சட்டி உடைக்கும் சத்தமும் இடம்பெற்றிருக்கின்றன. குழந்தைக்கு என்ன தேவை என்று தெரிந்த பிறகே எதை நிறுத்தலாம் என்று பேச முடியும் என்பதை அந்தத் தொகுப்பாளர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பிற்காலச் சட்டத் தொகுப்புகள் இக்கருத்தை இன்னும் இறுக்கின. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், சட்ட அறிஞர் மட்டுமல்லர், மருத்துவரும்கூட. ஒன்பது, பத்து வயதில் மணிக்கணக்கில் பழக்கலாம், பதினொன்றில் நோன்பை முழுமையாக்கலாம் என்று அவர் எழுதுகிறார். ஒன்பதுக்குக் கீழே உள்ள குழந்தையை அன்று வருத்தவே கூடாது, ஆபத்து நேரக்கூடும் என்கிறார். யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிசில் அச்சான ஷுல்ஹான் அரூக்கும் பதினொரு வயதில் முழு நோன்பு என்பதையே ஏற்றது. கிராக்கோவில் வாழ்ந்த மோசே இஸ்ஸெர்லெஸ் அதன்மீது எழுதிய குறிப்பில், முழு நோன்பு தேவையில்லை என்ற கருத்தும் உண்டு என்று நினைவூட்டி, மெலிந்த, தாங்க இயலாத சிறுவன் விஷயத்தில் அதையே பின்பற்றலாம் என்றார். அதாவது, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு தனித்து நின்ற ரபி யோஹனானின் குரல், போலந்தின் ஒரு நோஞ்சான் சிறுவனுக்குக் கைகொடுக்கத் திரும்பி வந்தது. எடுபடாத வாதங்களையும் அழிக்காமல் எழுதி வைப்பதன் பயன் இது. மறுப்புகளைத் துடைத்துவிட்ட சட்டத்துக்கு இரங்குவதற்கு வழி இருக்காது.

இப்பகுதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தானே விரும்பி நோன்பிருக்க முன்வந்தாலும் அதைத் தடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இவ்விவாதம் முழுவதிலும் மிக முக்கியமான இடம் இதுதான். குழந்தையை வற்புறுத்தக்கூடாது என்று சொல்ல எவராலும் முடியும். குழந்தையே வற்புறுத்தினாலும் இணங்கக்கூடாது என்று சொல்வதற்குக் குழந்தைகளைப் பற்றிய ஞானம் வேண்டும். பெரியவர்கள் எதை மெச்சுகிறார்களோ அதைக் குழந்தைகள் வெகு விரைவில் கண்டுகொள்கிறார்கள். 'என் பெண் எட்டு வயதிலேயே நாள் முழுவதும் இருந்துவிட்டாள்' என்று அம்மா உறவினரிடம் ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த ஆண்டு அவள் தம்பி ஏழு வயதில் முயல்வான். அதைப் பக்தி என்பதா, பாராட்டின் மீதான பசி என்பதா? பெரியவர்களுக்கே பிரித்தறிய முடியாத அந்த இரண்டையும் குழந்தை பிரித்தறியும் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கோ நடக்கக்கூடிய கற்பனை ஆபத்தாக இதை வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். 2016 அக்டோபரில் ஹைதராபாதில் 13 வயதுச் சமணச் சிறுமி ஒருத்தி 68 நாள் நோன்பை முடித்த சில நாட்களில் இறந்துபோனாள். அவளாக விரும்பித்தான் நோன்பிருந்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். அவள் விரும்பினாளா இல்லையா என்பதிலேயே அப்போது விவாதம் சுற்றிச் சுற்றி வந்தது. பெற்றோர் மனத்தை எடைபோட நாம் யார்? ஆனால் குழந்தையின் விருப்பம் இவ்விஷயத்தில் ஒரு நியாயமாக நிற்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பியே ஆகவேண்டும். யூதச் சட்டம் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே அது நிற்காது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. எந்த மதத்துக்காரரும் கடன் வாங்கத் தகுந்த விதி அது.

குழந்தையைப் பழக்கும் கடமை யாருடையது என்ற விவாதமும் சுவையானது. கடமை தந்தைக்கே, சிறுவனுக்கு எதுவும் விதிக்கப்படவில்லை என்பது 11ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷியின் கருத்து. அவருக்குப் பின்வந்த தோசாஃபோத் உரையாசிரியர்கள், ரபிகளின் விதியளவில் சிறுவனும் கடமைப்பட்டவனே என்றார்கள். நான் ராஷியின் பக்கம். அவர் கருத்தின்படி பார்த்தால், ஒன்பது மணிவரை காத்திருக்க முடியாமல் எட்டரைக்கே அடுக்களைக்குள் நுழைந்து ரொட்டியை எடுத்துக் கடித்துவிட்ட சிறுவன் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. பாவமன்னிப்புக்கான நாளில் குழந்தையின் பெயரில் ஒரு புதிய பாவத்தை எழுதிக்கொள்ள அவசியமே இல்லை.

சட்டம் தந்தையைப் பற்றிப் பேசுகிறது. நடைமுறையில் இந்த ஒரு மணி நேரத்தைக் கையாள்பவள் தாய். ஆண்கள் தொழுகைக் கூடத்தில் நிற்கையில் அவள் வீட்டில் தானும் நோன்பிருந்தபடி ஒரு கையைக் கழுவிக்கொண்டு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறாள். அதன் வாசனை அவள் மூக்கிலும் ஏறும். பசித்த ஒருத்தி இன்னோர் உயிருக்கு ஊட்டுகிற அந்தக் காரியம், அன்று செய்யப்படும் எந்தப் பிரார்த்தனைக்கும் குறைந்ததல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை நோன்பைக் கற்பதும் அங்கேதான். தான் உண்ணாமல் எனக்குக் கொடுக்கிறாள் என்பதைப் பார்த்த குழந்தைக்கு அதன்பின் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

பயிற்சி தவறிப்போனால் என்னவாகும் என்பதற்கு யூத எழுத்தாளர்களே சாட்சி. ஷோலம் அலைக்கெமின் யோம் கிப்பூர் கதை ஒன்றில், ஊருக்கு வந்த வெளியாள் ஒருவன் தன் 1800 ரூபிள் களவு போய்விட்டதாகத் தொழுகைக் கூடத்தில் கூச்சலிடுகிறான். எல்லோருடைய சட்டைப் பைகளையும் சோதிக்கிறார்கள். ஊரே மெச்சும் படிப்பாளி, செல்வந்தரின் மருமகன், சோதனைக்கு உடன்பட மறுக்கிறான். பலவந்தமாகச் சோதித்தால் பையிலிருந்து விழுவது பணமன்று. கோழி எலும்புகளும் பிளம் பழக்கொட்டைகளும். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கிறது. சிரிப்பு அடங்கிய பிறகு நமக்கு எஞ்சுவது ஒரு கேள்வி. இவ்வளவு படித்த இளைஞனுக்கு, எனக்கு முடியவில்லை என்று சொல்ல ஏன் ஓர் இடமில்லாமல் போயிற்று? நோன்பு மானப் பிரச்சினையாக மாறிய ஊரில் எலும்பைப் பைக்குள்தான் ஒளித்து வைக்க முடியும்.

காஃப்கா 1919இல் தம் தந்தைக்கு எழுதி, கடைசிவரை அவர் கைக்குப் போய்ச்சேராத நீண்ட கடிதத்தில் வேறொரு தவறு தெரிகிறது. ஆண்டுக்கு நான்கு நாள் மட்டும் ஒப்புக்குத் தொழுகைக் கூடம் செல்லும் தந்தை அவர். கூடத்துக்குப் போதிய அளவு போகவில்லை, நோன்பிருக்கவில்லை என்பதற்காகச் சிறு வயதில் தம்மையே நொந்துகொண்டதாகவும், அக்குற்றம் தமக்கு அல்லாமல் தந்தைக்கே இழைக்கப்பட்டதாக உணர்ந்ததாகவும் காஃப்கா எழுதுகிறார். கொடுப்பவரிடமே சாரம் இல்லாதபோது குழந்தைக்குப் போய்ச்சேர்வது குற்றவுணர்வு மட்டும்தான். முன்னதில் கடுமை மிகுந்தது. பின்னதில் உள்ளீடு குறைந்தது. இரண்டிலும் அந்த ஒரு மணி நேரத்தின் பொறுமையைக் காணோம்.

மூன்றாவதாக டேவிட் ஃப்ரிஷ்மனின் 'உண்ட மூவர்' என்ற எபிரேயக் கதையையும் சொல்லியாக வேண்டும். காலரா பரவிய ஊரில், பாவநிவிர்த்தி நாளன்று, சபை முழுவதும் பார்த்திருக்க ரபியும் அவருடைய இரு துணை நீதிபதிகளும் உண்கிறார்கள். 1848இல் வில்னாவைக் காலரா தாக்கியபோது இஸ்ரயேல் சலாண்டர் மக்களை உண்ணச் சொன்னதைப் பற்றி வழங்கும் செய்திகளை இக்கதையோடு இணைத்துப் பேசுவார்கள். உயிரைக் காப்பது நோன்பைவிடப் பெரிது என்பது தல்மூதின் சட்டம். மருத்துவர் வேண்டாமென்றாலும் நோயாளி தனக்கு உணவு வேண்டுமென்றால் கொடுத்துவிட வேண்டும். அவரவர் வலி அவரவர் நெஞ்சுக்கே தெரியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வளர்ந்தவன் வேண்டும் என்று சொன்னால் அந்தச் சொல்லை நம்ப வேண்டும். சிறு குழந்தை வேண்டாம் என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கருணையின் இரு பக்கங்கள்.

நண்பர்கள் சிலர் இங்கே மறுக்கக்கூடும். எப்படி விளக்கினாலும், பதினொரு வயதுப் பிள்ளையை நாள் முழுவதும் தண்ணீரின்றி இருக்கச் சொல்கிற நூலைப் போற்றுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வரம்பு எனக்கும் ஏற்புடையதல்ல. அதற்கு எதிரான வாதம் அதே மரபுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது என்பதையே இதுவரை சொல்லி வந்தேன். ஆனால் குழந்தையை எதற்கும் பழக்காமல் விட்டுவிடுவதே சுதந்திரம் என்று இவர்கள் மேலும் சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. பழக்கப்படாத குழந்தை என்று உலகில் எவருமில்லை. பெற்றோர் பழக்காவிட்டால் தொலைக்காட்சி விளம்பரமும், பத்து நிமிடத்தில் வீட்டுக்கதவைத் தட்டுவதாகச் சொல்லும் கைபேசிச் செயலியும் பழக்கும். வேண்டும் என்று தோன்றிய கணமே கிடைத்தாக வேண்டும் என்பதும் ஒரு பயிற்சிதான். அதைத் தருபவர்கள் குழந்தையின் வயதையோ பலத்தையோ விசாரிப்பதில்லை. எட்டு மணியை ஒன்பது மணியாக்கும் பயிற்சிக்கு இன்று நம் வீடுகளில், மத நம்பிக்கை இல்லாத வீடுகளிலும்கூட, தேவை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தேர்ந்துகொண்ட பசியையும் திணிக்கப்பட்ட பசியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் மொழி பசியைப் பிணி என்று சொல்லி வந்திருக்கிறது. மணிமேகலையின் பாத்திரம் தீர்க்க முயன்றது அந்தப் பிணியைத்தான். அடுத்த வேளை உறுதியில்லாத வீட்டுக் குழந்தைக்குக் காத்திருப்பதன் மேன்மையைப் போதிப்பது அயோக்கியத்தனம். யூத மரபு இதையும் அறியும். யோம் கிப்பூர் காலைத் தொழுகையில் வாசிக்கப்படுவது ஏசாயாவின் நூலில், உண்ணா நோன்பைவிடப் பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்வதே தேவனுக்கு உகந்தது என்று இடித்துரைக்கும் பகுதி. வயிறு காயத் தொடங்கும் வேளையில், வயிறு காய்வதை மட்டும் நம்பாதே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மாலையில், எல்லோரும் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், யோனாவின் நூலை முழுவதுமாக வாசிப்பார்கள். நினிவே அரசன் அழிவுக்கு அஞ்சி நோன்பு கட்டளையிடுகிறான். மனிதர்கள் மட்டுமின்றி ஆடுமாடுகளும் தீனியும் தண்ணீருமின்றிக் கிடக்க வேண்டும் என்பது அவன் ஆணை. பயத்தில் பிறந்த நோன்பு அப்படித்தான் இருக்கும். வரம்பு எதுவும் அதற்குத் தெரியாது. நகரம் தப்பிவிடுகிறது. நூலின் இறுதியில் தேவன் யோனாவிடம் அந்த நகரத்துக்காக ஏன் இரங்கக்கூடாது என்று கேட்கிறார். அப்போது அவர் குறிப்பிடுவது வலக்கை எது, இடக்கை எது என்று அறியாத லட்சத்து இருபதினாயிரம் பேரையும், ஏராளமான மிருகஜீவன்களையும். அந்த அறியாதவர்கள் குழந்தைகளே என்பது உரையாசிரியர்கள் பலரும் கொள்ளும் பொருள். அரசன் பட்டினி போட்டவர்களைத் தேவன் இரக்கத்தின் காரணமாக எண்ணிக் காட்டுகிறார்.

தன் நம்பிக்கையைக் குழந்தைக்குக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்பது பெரிய விவாதம்; அதற்கு ஒரு கட்டுரையில் முடிவு காண இயலாது. கொடுப்பது என்று முடிவெடுத்தவர்கள் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்த விதி ஒரு நல்ல முன்மாதிரி. குழந்தையின் உடம்பைப் பார், கொஞ்சமாகத் தொடங்கு, அது தானே அதிகம் கேட்டால் மறுத்துவிடு, தவறினால் குற்றம் சாட்டாதே, நேரம் வந்ததும் உன் கையாலேயே ஊட்டு. நோன்பைப் பற்றிய விதியாகத் தொடங்கிய இது, கடைசியில் ஊட்டுவதைப் பற்றிய விதியாக முடிவதில் எனக்கு வியப்பில்லை.